பழைய கேரவன்: முன்பணம் கொடுக்கும் முன் ஓர் இரவு

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். 2012ஆம் ஆண்டு டெம்போ டிராவலர் ஒன்றை, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கும் ஒருவர் ஒன்பது லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். ஒயிட் போர்டு வண்டி. "இரண்டு நாள் எடுத்துப்போய்ப் பாருங்கள், எட்டாயிரம் ரூபாய் வாடகை கொடுங்கள், பிடித்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம்" என்கிறார். ஏற்காடு போய்வர நினைக்கிறோம். இந்த ஏற்பாடு சரியா? பயணத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த வாடகைப் பேச்சை விட்டுவிடுங்கள். ஒயிட் போர்டு வண்டியின் காப்பீடு சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. பணம் வாங்கிக்கொண்டு வண்டியை விட்டதாகத் தெரிந்தால், விபத்தில் ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு மறுக்க அந்த ஒரு காரணமே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போதும். விலையில் கழித்துக்கொள்வதாக அவர் சொன்னாலும், பேரம் படியாமல் போனால் அந்த எட்டாயிரம் வாடகையாகத்தான் நிற்கும். முழுவதும் திருப்பித் தரப்படும் வைப்புத் தொகை என்று எழுதி, எடுத்த தேதி, நேரம், மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்து, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். டீசல் உங்கள் செலவாக இருக்கட்டும். ஓட்டுநர் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்பதால் உங்கள் கணவரின் கார் உரிமமே போதும்.

அடுத்தது ஆர்.சி. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. ஆர்.சி.யில் வாகன வகை "மோட்டார் கேரவன்" என்று இருக்கிறதா, இருக்கை எண்ணிக்கை உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிமூன்று இருக்கை என்று எழுதியிருந்து, உள்ளே ஐந்து இருக்கையும் இரண்டு கட்டிலும் இருந்தால், மாற்றம் பதிவாகவில்லை என்றே பொருள். "யாரும் பிடிக்க மாட்டார்கள்" என்று விற்பவர் சொல்லக்கூடும், சாலையில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தனியார் வாகனத்தின் 15 ஆண்டுப் பதிவு இந்த வண்டிக்கு 2027இல் முடிகிறது, புதுப்பிப்பதற்காக ஆர்.டி.ஓ. முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தப்போவது அவரல்ல, நீங்கள். இந்த ஒன்று சரியில்லை என்றால் ஏற்காடு வரை போக வேண்டிய தேவையே இல்லை.

ஆர்.சி. சரியாக இருந்தால், முதல் இரவை ஏற்காட்டில் அல்ல, உங்கள் வீட்டு வாசலிலேயே கழியுங்கள். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. எஞ்சினில் என்ன கோளாறு இருந்தாலும், நல்ல மெக்கானிக் அரை மணி நேரத்தில் செலவுக் கணக்கைச் சொல்லிவிடுவார். இத்தகைய வண்டியில் கணக்குச் சொல்ல முடியாத செலவு, பாடிக்குள் இறங்கும் தண்ணீரால் வருவது. மாலையில் ஒருவர் கூரைமேல் இருபது நிமிடம் குழாயால் தண்ணீர் பாய்ச்ச, இன்னொருவர் உள்ளே டார்ச்சுடன் இருக்கட்டும். ஜன்னல் மூலைகளிலும் கூரைக் காற்றுத் திறப்பைச் சுற்றியும் பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை விறைப்பாக நிற்கும், ஊறிய பலகை பிஸ்கட் போல உள்வாங்கும். மெத்தையைத் தூக்கி அடியில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் புது ஸ்டிக்கர் ஒட்டி, புது சிலிகான் பூசியிருந்தால், அங்கே எதையோ மூடியிருக்கிறார்கள். இதுபோன்ற வண்டி ஒன்றில் நான் தூங்கிய இரவில், மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துத்தான் தலைமாட்டில் சொட்டத் தொடங்கியது. ஆகவே தண்ணீர் பாய்ச்சிய உடனேயே முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

குளிர்சாதனப் பெட்டியைச் சோதிக்க, வண்டி கைக்கு வந்ததும் வெளி மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சாதாரண நீர் நிரம்பிய பாட்டிலை உள்ளே வையுங்கள். முந்தின இரவு முழுவதும் வீட்டு மின்சாரத்தில் ஓடிய பெட்டி, காட்டும்போது குளிர்ந்துதான் இருக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருப்பதாகக் கணக்கு. லெட்-ஆசிட் வகையில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் கெடும் என்பதால், கைக்கு எட்டுவது 900 மட்டுமே. பெட்டியும் இரண்டு மின்விசிறியும் ஓடி, விடிகாலையிலும் விளக்கு மங்காமல் எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது.

எரிவாயு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்பதால், சிலிண்டர் இருக்கும் அறையின் தரையில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டர் இருந்தால், உள்ளே ஆள் தூங்கும்போது அதை ஓட்டவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்ததற்கு, ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று பின்னர் தெரியவந்தது.

வாசல் இரவு தேறினால் ஏற்காடு போங்கள்; சோதனைக்கு அது நல்ல தேர்வுதான். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, ஐந்து பேரும் ஏறிய பிறகே கிளம்புங்கள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ எடை, காலி வண்டியை ஓட்டிப் பார்த்து எதுவும் தெரியாது. தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில், நியூட்ரலில் விடாமல், கியரிலேயே இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரியும். சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் சூடும் கிளட்ச் வாடையும் தெரியும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஓடாமல் நின்ற கேரவன்களில் டயர் தேயாது, வயதாகி வெடிக்கும். உங்கள் மாமியார் இரவில் யார் உதவியும் இல்லாமல் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா என்று அவரிடமே கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் இது உங்கள் குடும்பத்துக்கான வண்டி அல்ல.

கேள்வி: வாங்கிய பிறகு கோளாறு தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

பதில்: பழைய வாகன வியாபாரியிடம் வாங்கினால் போகலாம்; கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். உங்கள் விற்பனையாளரோ தன் சொந்த வண்டியை ஒருமுறை விற்கும் தனிநபர்; அவரை வியாபாரி என்று ஆணையத்தில் நிறுவுவது கடினம், சிவில் நீதிமன்றமே வழி. ஆகவே சோதனையில் கண்ட குறைகளையும், அவர் வாய்மொழியாகச் சொன்ன உறுதிகளையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வண்டியின் உரிமையை மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து இல்லாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடன் இருந்த வண்டி என்றால், கடன் குறிப்பை ஆர்.சி.யிலிருந்து நீக்குவதற்கான படிவம் 35ஐயும் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள்.