ஜெர்மனியில் சீட் கிடைத்துவிட்டது, ஹாஸ்டல் எங்கே?

வணக்கம் அம்மா. அட்மிஷன் கடிதத்தில் ஹாஸ்டல் பற்றி ஒரு வரிகூட இல்லையே, இது உண்மையான யுனிவர்சிட்டிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் சீட்டோடு சேர்த்து அறை தருவதில்லை. படிப்புக்கு ஒரு விண்ணப்பம், தங்குவதற்கு வேறொரு விண்ணப்பம். இரண்டையும் பார்ப்பது வெவ்வேறு அலுவலகங்கள்.

ஹாஸ்டல்களை நடத்துவது ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற அமைப்பு. நாடு முழுக்க இப்படி 57 இருக்கின்றன. மாணவர் கேன்டீனையும் பெரும்பாலும் இவர்களே நடத்துகிறார்கள். உங்கள் மகள் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கட்டப்போகும் தொகையில் ஒரு பங்கு இவர்களுக்குத்தான் போகிறது. அவள் சேரும் ஊருக்குரிய ஸ்டூடியரெண்டன்வெர்க்கின் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில ஊர்களில் அட்மிஷன் கடிதம் இல்லாமலே பெயரைப் பதிவு செய்யலாம், சில ஊர்களில் கடிதம் வந்த பிறகுதான் முடியும். 'விசா வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று பெரும்பாலான குடும்பங்கள் தள்ளிப்போடுகின்றன. காத்திருப்புப் பட்டியலில் பின்தங்குவது அங்கேதான். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பட்டியலில் அவள் பெயரும் நகர்ந்துகொண்டிருக்கட்டும். இன்னொன்று, 'இன்னும் அறை வேண்டுமா?' என்று சில இடங்களில் நடுநடுவே மெயில் அனுப்பிக் கேட்பார்கள். பதில் போடாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். ஸ்பாம் பெட்டியையும் தினம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹாஸ்டல் என்றதும் நம் ஊர் லேடீஸ் ஹாஸ்டலை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வார்டன் இல்லை, மெஸ் இல்லை, ராத்திரி எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. பெரும்பாலும் ஒருவருக்கு ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு. சமையலறையையும் பல இடங்களில் குளியலறையையும் அதே தளத்தில் இருப்பவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆண்களும் பெண்களும் ஒரே தளத்தில் இருப்பது அங்கே சாதாரணம். ரிப்பேர் வேலைகளைப் பார்க்க ஹவுஸ்மைஸ்டர் என்று ஒருவர் இருப்பார், அவரும் அலுவலக நேரத்தில்தான் கிடைப்பார். பெண்கள் மட்டும் இருக்கும் இடம்தான் வேண்டும் என்றால் அடுத்து சொல்லப்போகும் வேகேயில் தேடலாம், அப்படிக் குறிப்பிட்டே விளம்பரம் கொடுப்பார்கள்.

வேகே என்பது மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஆளுக்கொரு அறையில் இருக்கும் ஏற்பாடு. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் இப்படித்தான் வாழ்கிறார்கள். அறை காலியானால் வீட்டு உரிமையாளரைவிட உடன் இருப்பவர்களே பெரும்பாலும் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். வீடியோ காலில் பேசிப் பார்ப்பார்கள். ஒரே மாதிரி மெசேஜை நாற்பது பேருக்கு அனுப்பினால் ஒன்றுக்கும் பதில் வராது. விளம்பரத்தைப் படித்துவிட்டு, தன்னைப் பற்றி நாலு வரி, எப்போதிலிருந்து எவ்வளவு நாள் தேவை, சமையல், சுத்தம் விஷயத்தில் எப்படி என்று எழுதச் சொல்லுங்கள். ஜெர்மன் மொழியில் இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

தனியார் கட்டிய ஸ்டூடியோ அறைகளும் உண்டு. பணம் இருந்தால் சீக்கிரம் கிடைக்கும், பெரிய நகரங்களில் மாதம் 700 யூரோவைத் தாண்டுவது சகஜம். எதுவுமே அமையாவிட்டால் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

சரி, பணக் கணக்குக்கு வருவோம், சிக்கலே இதில்தான். ஸ்டூடியரெண்டன்வெர்க் அறை பல ஊர்களில் 250 முதல் 400 யூரோவுக்குள் முடிந்துவிடும். வேகே அறையின் சராசரி 2024-25இல் ஏறத்தாழ 490 யூரோ. முனிச்சில் அது 800ஐ நெருங்குகிறது, கெம்னிட்ஸ் போன்ற கிழக்குப் பகுதி ஊரில் 300ஐ ஒட்டி இருக்கிறது. பிளாக்ட் அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கில், நீங்கள் போடும் 11,904 யூரோ, மாதம் 992 வீதம்தான் வெளியே வரும். முனிச்சில் வாடகை போக மிஞ்சுவதில் இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டுச் சாப்பிடவும் வேண்டும். அதனால் இரண்டு அட்மிஷன் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ரேங்க் பட்டியலோடு வாடகையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். முனிச்தான் என்று முடிவானால் சுற்றியுள்ள ஊர்களையும் பாருங்கள். ஆக்ஸ்பர்க் ரயிலில் முக்கால் மணி தூரம்தான். நாடு முழுக்கச் செல்லும் செமஸ்டர் டிக்கெட்டைக் கல்லூரி தருகிறதென்றால் உள்ளூர், வட்டார ரயில்களுக்கெல்லாம் அது செல்லும்.

விளம்பரத்தில் கல்ட்மீட்டெ, வார்ம்மீட்டெ என்று இரண்டு தொகை இருக்கும். முதலாவது வெறும் வாடகை, இரண்டாவது ஹீட்டிங், தண்ணீர் முதலிய செலவும் சேர்ந்தது. ஒப்பிடும்போது எப்போதும் இரண்டாவதைப் பாருங்கள். கரன்ட்டும் இன்டர்நெட்டும் அதில் அடங்குமா என்று தனியாகக் கேட்க வேண்டும். ரேடியோ, டிவிக்கான கட்டணம் மாதம் 18.36 யூரோ, இது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. வேகேயில் பங்கு போட்டுக்கொள்வார்கள். தனி வீடு எடுப்பதாக இருந்தால் 'ஃபர்னிஷ்டா' என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். காலி வீடு என்றால் அங்கே பல நேரம் சமையல் மேடையும் சிங்க்கும்கூட இருக்காது, சீலிங்கில் பல்புக்குப் பதில் வயர்தான் தொங்கும்.

டெபாசிட் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். மூன்று மாத கல்ட்மீட்டெக்கு மேல் கேட்க முடியாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. ஆனால் வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் பெண் அதைச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தால் அறை அடுத்தவருக்குப் போய்விடலாம். கல்ட்மீட்டெ 400, வார்ம்மீட்டெ 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் சேர்ந்தால் 1,700 யூரோ. பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து முதல் 992 வருவதற்குள் இதைக் கட்ட வேண்டி வரும். ஆகவே அந்தக் கணக்கைத் தொடாமல் ஒரு 2,000 யூரோவை வேறாக ஒதுக்கி வையுங்கள். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் மகள் அழகான அறையைத் தேடுவாள், இயல்புதான். முதல் ஆறு மாதத்துக்கு நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: அந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா? குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். இந்தப் பதிவு இல்லாவிட்டால் ரெசிடென்ஸ் பெர்மிட், வரி எண் என்று ஒவ்வொன்றாக இழுபறியாகும். உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுபவர், 'தங்கிக்கொள், ஆனால் பதிவு மட்டும் கிடையாது' என்பார். எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வேண்டாம். பதிவு செய்ய முடிகிற சின்ன அறை போதும். போய்ச் சேர்ந்து நாலு பேரைத் தெரிந்துகொண்ட பிறகு நல்லதாக மாறிக்கொள்ளலாம். இன்னொரு சின்ன வேலை: அறைக்குப் போன அன்றே தபால் பெட்டியில் அவள் பெயரை ஒட்டச் சொல்லுங்கள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். வரி எண்ணும் இன்ஷூரன்ஸ் அட்டையும் தபாலில்தான் வரும்.

மோசடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கதை எப்போதும் ஒன்றுதான். நகரின் நடுவில் பெரிய வீடு, வாடகை ஊர் விலையில் பாதி, போட்டோவெல்லாம் பளபள. உரிமையாளர் 'நான் இப்போது வேறு நாட்டில் வேலையில் இருக்கிறேன், டெபாசிட் போட்டால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்' என்பார். நம்பிக்கைக்கு பாஸ்போர்ட் நகல் வேறு வரும். அது பெரும்பாலும் முன்பு ஏமாந்த இன்னொருவருடையதாக இருக்கும். உங்கள் மகளின் பாஸ்போர்ட்டையும் அப்படி யாருக்கும் அனுப்ப வேண்டாம். லைவ் வீடியோவில் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஊரில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது நேரில் போய்ப் பார்த்தால் ரொம்ப நல்லது. பல கல்லூரிகளில் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழு இருக்கும், கேட்டால் உதவுவார்கள்.

செப்டம்பர் பாதி வந்தும் அறை கிடைக்கவில்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். கல்லூரியின் இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு எழுதட்டும், அக்டோபரில் தற்காலிகப் படுக்கை ஏற்பாடு செய்யும் ஊர்களும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் வெளிநாடு போகும் மாணவர்கள் ஒரு செமஸ்டருக்கு மட்டும் அறையை விட்டுப்போவார்கள், உரிமையாளர் சம்மதத்தோடு பதிவும் செய்யலாம் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

ஃபிளைட் டிக்கெட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாவியை ஹவுஸ்மைஸ்டர் வேலை நாளில், பெரும்பாலும் பகலில் மட்டுமே தருவார். சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கினால் திங்கள் வரை வெளியே தங்க வேண்டியதுதான், ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும். ஒப்பந்தம் அக்டோபர் 1இல் தொடங்கினால் அக்டோபர் 3 தேசிய விடுமுறை என்பதையும் காலண்டரில் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.