பொட்டாசியம் 5.9: இளநீரை நிறுத்தினால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, கிரியாட்டினின் 2.1. பிபிக்கு டெல்மிசார்ட்டன் மாத்திரை சாப்பிடுகிறார். பிபிக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்புக்கு மாறினோம். இப்போது ரத்தத்தில் பொட்டாசியம் 5.9, அதிகம் என்கிறார்கள். பொட்டாசியம் உள்ளது என்று இளநீரை நிறுத்திவிட்டோம். போதுமா?

பதில்: போதாது. முதலில் அந்த உப்பை நிறுத்துங்கள். அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டுச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. உலக சுகாதார நிறுவனம் 2025இல் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோது சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. பல பாக்கெட்டுகளில் இதயத்துக்கு நல்லது என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது, எச்சரிக்கை பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் முகப்பிலேயே போட வைக்க இவ்வளவு காலமா?

உடனே, "இந்துப்புக்கு மாறுங்கள், அது முழுக்கப் பொட்டாசியம், சிறுநீரகத்துக்கு நல்லது" என்பார்கள். இரண்டுமே தப்பு. இந்துப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் கஷாயம் என்று பாட்டிலோடு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சிறுநீரகம் தளர்ந்தால் அமிலமும் உடலில் தங்கும். அமிலம் கூடினால் பொட்டாசியமும் ஏறலாம். அதனால் ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் டாக்டர் மாத்திரை தருவார். ஆப்பச் சோடாவைக் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

ரத்தம் எடுக்க ஆள் வீட்டுக்கு வந்தாரா? உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது; அது கொஞ்சம் வெளியே கசிந்தாலே ரிப்போர்ட்டில் அளவு கூடும். கையை இறுகக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலே அளவு ஏறிவிடும். ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும். குப்பி பைக்கில் ஊரெல்லாம் சுற்றினாலும், ஐஸ் பெட்டியில் மணிக்கணக்கில் கிடந்தாலும், உடம்பில் இல்லாத பொட்டாசியம் ரிப்போர்ட்டில் இருக்கும். 'ஹீமோலைஸ்டு', அதாவது சிவப்பணு உடைந்த ரத்தம், என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் லேப்கள் சில அதை எழுதுவதே இல்லை.

அதற்காக, 5.9 பொய்யாக இருக்கும் என்று வீட்டில் இருக்காதீர்கள். இன்றே ஆய்வகம் உள்ள மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தை மறுபடி பார்த்து, ஈசிஜியும் எடுங்கள். டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தைக் கூட்டும். ஆனால் அதை நிறுத்துவதா, குறைப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். கால் தளர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ ஓபி சீட்டு வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.