கபால நரம்புகள் என்றால் என்ன? அவை என்ன வேலை செய்கின்றன?

தண்டுவடம் வழியாகச் சுற்றிப் போகாமல் மூளையோடு நேரடியாக இணையும் 12 ஜோடி நரம்புகளைத்தான் கபால நரம்புகள் என்கிறோம். கண், காது, மூக்கு, நாக்கு எல்லாம் மூளைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சுற்று வழி எதற்கு? கால் விரலுக்குப் போகும் செய்தி சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில் ஏறி இறங்கி, அப்புறம் ஃபீடர் பஸ் பிடிக்க வேண்டும். தண்டுவடம்தான் அந்த ரயில் பாதை. முகத்துக்கோ நேர் பஸ்.

தேக்கா சந்தையில் மீன் வாடையை உணர்வது 1ஆவது நரம்பு. விலைப்பலகையைப் பார்ப்பது 2ஆவது. விலையைக் கண்டு முகம் சுளித்தால் 7ஆவது. மிளகாய்க் காரம் எனக்குப் பிடித்த உதாரணம்: அது சுவையே இல்லை, எரிச்சல்! வாயிலிருந்து அதைப் பெரும்பாலும் 5ஆவது நரம்புதான் மூளைக்குச் சொல்கிறது. 10ஆவது ஓர் ஊர்சுற்றி. கழுத்தைத் தாண்டி இதயம், நுரையீரல், குடல் வரை போகும். வேகஸ் என்ற அதன் லத்தீன் பெயருக்கே அலைந்து திரிவது என்றுதான் பொருள். கண்ணை உருட்ட, கேட்க, விழுங்க, தோளைத் தூக்க மற்றவை இருக்கின்றன.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது சரியில்லை: பல்லுக்கு 5ஆவது நரம்பு, பார்வைக்கு 2ஆவது.