டிஸ்டோபியா நாவல், அதாவது மனுஷன் சுதந்திரத்த இழந்து வாழுற மோசமான சமூகத்த கற்பனை பண்ற கதை, அது பத்தி என்ன வேணா கேளுங்க, படிச்ச வரைக்கும் சொல்றேன்

கேள்வி: அண்ணா, ஆர்வெல்லோட 1984 நாவல்ல பெரிய பயமே வீட்டுக்குள்ளயே வேவு பாக்குற அந்த டெலிஸ்கிரீன் தானே?

பதில்: அதுவும் தான். எப்ப பாக்குறாங்கன்னு தெரியாததால அவனவன் மூஞ்சிய அவனவனே காவல் காத்துக்குறான். ஆனா என் தூக்கத்த கெடுத்தது பார்சன்ஸ் தான்ப்பா. ஆளுற கட்சிக்காக மாடா உழைச்ச ஆளு, தூக்கத்துல கட்சிக்கு எதிரா ஏதோ உளறிட்டான், அத ஏழு வயசு மக சாவித்துவாரத்துல ஒட்டுக்கேட்டு போட்டுக்குடுத்துடுச்சு. ஜெயில்ல உக்காந்துக்கிட்டு மனுஷன் அந்த புள்ளைய திட்டவே இல்ல, என் பொண்ணு எவ்ளோ கெட்டிக்காரின்னு பெருமை பேசுறான்! இதுக்கு மேல போலீஸ் எதுக்கு?

கேள்வி: ஹக்ஸ்லி 1932ல எழுதுன பிரேவ் நியூ வேர்ல்டு நாவல்ல அடி உதை எதுவும் இல்லையே, எல்லாரும் ஹாப்பியா தானே இருக்காங்க, அது எப்படி டிஸ்டோபியா ஆகும்?

பதில்: குழந்தை தூங்கும்போதே காதுல ஓதுறாங்க, நீ பீட்டா, நல்லவேளை நீ ஆல்ஃபா இல்லைன்னு (ஆல்ஃபா, பீட்டாங்கிறது பொறக்கும்போதே பிரிச்சு வெக்கிற அடுக்கு, ஆல்ஃபா தான் மேல). வளந்தப்புறம் அதையே தன் சொந்த கருத்துன்னு நெனச்சுக்குது. மனசு கொஞ்சம் கனத்தா கவலைய மறக்கடிக்கிற சோமா மாத்திரை. தனியா இருக்கணும்னு ஒருத்தன் ஆசப்பட்டா அவன ஒரு மாதிரி பாக்குறாங்க, அது போதாதா?

கேள்வி: பிராட்பரியோட ஃபாரன்ஹீட் 451 நாவல்ல கவர்மென்ட் ஏன் புக்க எரிக்குது?

பதில்: முக்காவாசி பேர் இத தப்பா தான் சொல்றாங்க. புக்க எரிக்கிற படைக்கு தலைவரான கேப்டன் பீட்டியே கதைல சொல்றாரு, இது மேலருந்து வந்த உத்தரவுல ஆரம்பிக்கலன்னு. ஜனங்களுக்கு எல்லாம் சுருக்கமா வேணும், யார் மனசும் புண்படக்கூடாது, அப்படியே படிக்கிறத விட்டாங்க, நெருப்பு வைக்கிறவன் பின்னாடி தான் வந்தான். 1953ல எழுதுனது, நம்புறீங்களா.

கேள்வி: நிஜத்துல மனுஷன் இவ்ளோ ஈசியா கூட்டத்தோட போயிடுவானா?

பதில்: 1950கள்ல சாலமன் ஆஷ்னு ஒரு உளவியல் நிபுணர் பண்ண சோதனை இருக்கு. ஒரு கோட்ட காட்டி, இந்த மூணுல எது அதே நீளம்னு கேப்பாங்க, சுத்தி இருக்குற செட்டப் ஆளுங்க வேணும்னே தப்பா சொல்லுவாங்க. முக்கால்வாசி பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோட சேந்து தப்பா சொன்னாங்க. ஆனா இன்னொரு பாதிய யாரும் சொல்ல மாட்டாங்க, ஒரே ஒருத்தன் சரியா சொல்லிட்டா போதும், தலையாட்டுறது சர்ருனு கொறஞ்சிடுச்சு. அதான் இந்த கதைங்கள்ல 1984ல ஒரு ஜூலியா, ஃபாரன்ஹீட்ல ஒரு கிளாரிஸ்னு யாராவது ஒருத்தி வந்துடுறா, ஹீரோவோட மண்டைக்குள்ள இருக்குறத இன்னொரு வாய் சொல்லணும்ல. (ஏன் எப்பவும் பொண்ணுங்களே அந்த வேலைய பாக்கணும்னு எனக்கு கடுப்பு உண்டு, அது தனி பஞ்சாயத்து.)

கேள்வி: சார், இஷிகுரோவோட நெவர் லெட் மீ கோ நாவல் படிச்சேன், உறுப்புக்காகவே வளக்குற குளோன் புள்ளைங்க கதை. வேலி இல்ல, காவல் இல்ல, அவங்க ஏன் ஓடல? செம கோவம் வந்துச்சு.

பதில்: வரணும். அதுல ஒருத்தியான கேத்தி தனியா கார் ஓட்டிக்கிட்டு ஊர் ஊரா போறா, யாரு தடுத்தா? சின்ன வயசுலருந்து உறுப்பு தானம்கிறத பாதி சொல்லி பாதி சொல்லாம வளத்துட்டாங்க, புரியுற வயசு வரும்போது அது பழைய சேதி ஆயிடுது. கடைசில அவளும் அவ காதலன் டாமியும் போய் கேக்குறது என்ன, எங்கள விட்டுடுங்கன்னா? இல்ல, தானத்த மூணு நாலு வருஷம் தள்ளிப்போட முடியுமான்னு. அதுவும் அவ்ளோ மரியாதையா.