ஐந்நூறாவது யூனிட்டும் அம்மாவின் நாட்காட்டியும்

வளரும் நாடுகளில் ஒரு குடும்பம் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதை எது தீர்மானிக்கிறது, விழிப்புணர்வா, வருமானமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் நான் வளர்ந்த வீட்டையும் என் தங்கை வாடகைக்கு இருக்கும் வீட்டையும் வைத்துச் சொல்வதானால், கட்டணம் எந்த இடத்தில் ஏறுகிறது என்பதும், மின்கருவி யாருடையது, பில் யார் தலையில் விழுகிறது என்பதுமே அவ்விரண்டையும்விட அதிகம் தீர்மானிக்கின்றன.

மதுரையில் எங்கள் வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ரீடிங் எடுத்த அன்றைய எண்ணை அம்மா தினசரி நாட்காட்டியின் அட்டையில் பென்சிலால் குறித்துவைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துக் கழித்துக்கொள்வார். நாற்பத்தைந்தாம் நாளில் கணக்கு 380ஐத் தாண்டியிருந்தால், அன்றிலிருந்து ஏசி இரவு பதினொரு மணிக்கே நின்றுவிடும். இஸ்திரி போடவேண்டிய துணிகள் கூடையிலேயே காத்திருக்கும். 2022 செப்டம்பருக்கு முன்பு இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட் ஓடினால் 1,130 ரூபாய், 501 ஆனால் 1,786 ரூபாய் என்று இருந்ததே இதற்குக் காரணம். அப்போது வந்த கட்டண மாற்றத்தில் இந்தத் தொகைகள் 1,725, 1,958 என்று ஆயின; இடைவெளி சுருங்கியும் அம்மாவின் பென்சில் ஓயவில்லை. ஆனால் எல்லையைத் தாண்டிவிட்ட முறைகளில் அதே அம்மா, "தாண்டியாச்சு, இனி ஓடட்டும்" என்று விட்டுவிடுவதையும் பார்த்திருக்கிறேன். மின்சாரம் அரிய பொருள் என்ற எண்ணம் அவருக்கு உண்டு என்றாலும், கையை ஸ்விட்சுக்குக் கொண்டுபோனது அந்த 500தான்.

விலை குறைந்தால் பழக்கம் எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்கு எல்இடி பல்பே சான்று. அரசுத் திட்டத்துக்காக மொத்தமாக வாங்கியபோது 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அதன்பின் குண்டு பல்பை வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

மின்விசிறியில் அப்படி நடக்கவில்லை. ஏறத்தாழ 75 வாட் இழுக்கும் பழைய விசிறிக்குப் பதிலாக மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சமாகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள்ளேயே செலவழித்து, அதனால் கட்டணமே இல்லாத சிறிய குடும்பத்துக்கு அந்த 27 யூனிட்டால் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. கூடுதல் விலை கொடுத்து அவர்கள் ஏன் வாங்க வேண்டும்? இலவசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீடுகளுக்கு விசிறியையே மானியமாகக் கொடுப்பது பொருத்தமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

சென்னையில் தங்கை இருக்கும் வீட்டில் சப் மீட்டர், அதாவது வாடகைக்கு இருப்பவரின் செலவைத் தனியே அளக்க வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டர். வீட்டுக்காரர் முதல் யூனிட்டிலிருந்தே ஒன்றுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார். விசிறிகள் அவருடையவை, பழையவை. பில் தன்னுடையதல்ல என்பதால் அவர் மாற்றமாட்டார். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவள் அடுத்தவர் வீட்டுக்கு விசிறி வாங்கி மாட்டவும் மாட்டாள். எனவே மே மாதப் பிற்பகலில் இரண்டு அறை விசிறிகளையும் நிறுத்திவிட்டு, குழந்தைகளோடு கூடத்தில் ஒரே விசிறியின் கீழ்ப் பாய் விரித்துப் படுக்கிறாள். புள்ளிவிவரத்தில் இதுவும் மின்சேமிப்பாகத்தான் பதிவாகும். அதை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.