ஷெஃபீல்டில் மலை சைக்கிள், தேவகோட்டையில் நகைக்கடன்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. வயது 32. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், வந்து 2 வருடம் ஆகிறது. சம்பளம் வருடத்துக்கு 33,000 பவுண்டு. மனைவியும் 3 வயது மகளும் ஊரில் அப்பா அம்மாவுடன் இருக்கிறார்கள். உடன் வேலை செய்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பக்கம் சைக்கிள் ஓட்டப் போவார்கள். வாடகைக்கு எடுத்து இரண்டு தடவை நானும் போனேன். அதிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. முன்னும் பின்னும் ஷாக் வைத்த மலை சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், விலை 2,600 பவுண்டு. கையில் சேமிப்பும் அவ்வளவுதான் இருக்கிறது. மருத்துவமனையில் 'சைக்கிள் டு வொர்க்' திட்டம் உண்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்கிறார்கள். நான் இங்கே வருவதற்காக ஊரில் நகை அடகு வைத்த கடன் 2,40,000 ரூபாய் இன்னும் நிற்கிறது. வட்டி 9.5 சதவீதம், வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம். 'சைக்கிளுக்கா மூணு லட்சம்?' என்று கேட்டுவிட்டு அப்பத்தா ஒரு வாரமாக என்னோடு போனில் பேசவில்லை. ரொக்கமாக வாங்கலாமா, திட்டத்தில் வாங்கலாமா? மூன்று வருடம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது கொண்டு வரலாமா? வேலைக்கு இப்போது பஸ்தான். 4 மைல் தூரம், மாதம் 60 பவுண்டு ஆகிறது.

பதில்: தம்பி, சைக்கிள் வாங்குங்கள். ஆனால் நகையை மீட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டையும் இந்த மாதமே செய்ய உங்களுக்கு வழி இருக்கிறது.

கையில் உள்ள 2,600 பவுண்டில் 2,000-ஐ ஊருக்கு அனுப்புங்கள். பவுண்டுக்கு 120 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் 2,40,000 ரூபாய், கடனின் அசலுக்குச் சரியாகிவிடும். கடைசியாகத் திருப்பி வைத்த நாளிலிருந்து ஓடிய வட்டி எவ்வளவு என்று வங்கியில் கேட்டு அதையும் சேர்த்து அனுப்புங்கள். மீதியைத் தொடாதீர்கள். அவசரத்துக்கு விமான டிக்கெட் எடுக்க அந்தப் பணம் கையில் இருக்க வேண்டும்.

2,40,000 ரூபாய்க்கு 9.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 22,800, மாதம் 1,900 ரூபாய். இரண்டு வருடத்தில் 45,600 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை, நகையில் ஒரு குந்துமணித் தங்கம் கூடவில்லை. ஒவ்வொரு முறை திருப்பி வைக்கும்போதும் மதிப்பீட்டுக் கட்டணம் வேறு. ஏதாவது ஒரு வருடம் வீட்டில் உடம்பு சரியில்லை என்று தேதி தவறினால் ஏல நோட்டீஸ் வந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்பத்தா பேசுகிறார், உடன் வேலை செய்பவர்கள் வருகிறார்கள். யாருடைய நகை அடகில் இருக்கிறதோ அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. நம் பக்கத்தில் விசேஷ வீட்டுக்கு வெறுங்கழுத்தோடு போய் வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் நகைகள் அடகில் இருந்த காலத்தில், நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கவரிங் செட் போட்டுக்கொண்டு போனேன். போட்டோவுக்குக் கூப்பிட்டபோது பந்தி பரிமாறப் போகிறேன் என்று சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். இன்று இரவு உங்கள் மனைவியைக் கூப்பிட்டு நகை வருகிறது என்று முதலில் சொல்லுங்கள். சைக்கிள் பேச்சை அப்புறம் எடுங்கள்.

இனி சைக்கிள். பிரிட்டனில் இந்த 'சைக்கிள் டு வொர்க்' திட்டம் 1999 முதல் நடக்கிறது. மருத்துவமனை சைக்கிளை வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தரும். வாடகையை வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். உங்கள் சம்பளத்துக்கு வருமான வரி 20 சதவீதம், நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் 8 சதவீதம். ஆக 100 பவுண்டு வாடகை போனால் கைக்கு வரும் சம்பளத்தில் குறைவது 72 பவுண்டுதான். வட்டி கிடையாது. 9.5 சதவீதக் கடன் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டியில்லாத தவணையை விட்டுவிட்டு ரொக்கத்தைக் கொட்டுவது சரியான கணக்கே இல்லை.

எங்கள் ஐயா மலேசியாவில் ஈப்போவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் உயர்ந்தவர். அவர் கையால் எழுதிய பேரேடு ஒன்று இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் 'சைக்கிள் 1' என்று கடைச் சாமான் கணக்கில் பற்று எழுதியிருக்கிறார், வசூலுக்குப் போய்வர முதலாளி வாங்கிக் கொடுத்தது. மூன்று வருடக் கணக்கு முடித்து ஊருக்குக் கப்பலேறும் மாதத்தில், விலையைக் குறைத்து மதிப்புப் போட்டு அதே சைக்கிளைத் தன் சொந்தப் பற்றில் எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் திட்டமும் அச்சாக இதுதான். ஓடும் காலத்தில் சைக்கிள் முதலாளியுடையது. கடைசியில் மதிப்புப் போட்டு நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வசூலுக்கு என்று ஐயாவுக்குக் கொடுத்ததுபோல உங்களுக்கும் நிபந்தனை உண்டு. சைக்கிளைப் பிரதானமாக வேலைக்குப் போய்வரப் பயன்படுத்த வேண்டும், அதாவது பாதிக்கு மேல். வீட்டில் நிறுத்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்கு எடுத்துப்போகிற சைக்கிளுக்கு இந்த வரிச்சலுகை இல்லை. வாரம் 3 நீண்ட ஷிப்ட் என்றால் போக வர 24 மைல், ஞாயிற்றுக்கிழமை ஒரு 15 மைல். நீங்கள் நிஜமாகவே அதில் வேலைக்குப் போனால் கணக்கு நேர். போகும் எண்ணம் இல்லையென்றால் திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், விசாவில் இருப்பவர் சொன்ன சொல்லில் இருக்க வேண்டும்.

அதனால்தான் 2,600 பவுண்டு சைக்கிள் வேண்டாம் என்கிறேன். முன்பக்கம் மட்டும் ஷாக் வைத்தது, ஹார்ட்டெயில் என்பார்கள், 1,000 பவுண்டுக்கு நல்லதாகவே கிடைக்கும். தார் ரோட்டில் வேலைக்குப் போக எடை குறைவாக இருக்கும், பின் ஷாக்கைப் பிரித்துச் சர்வீஸ் செய்யும் செலவும் இல்லை. பீக் டிஸ்ட்ரிக்ட் மணற்கல் சேறு பிரேக் பேடைத் தின்றுவிடும், செயினையும் அராவும். மாதா மாதம் ஒரு சின்னத் தொகை அதற்கென்று ஒதுக்குங்கள். இரண்டே தடவை போயிருக்கிறீர்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகும் பெரிய சைக்கிள் வேண்டும் என்று தோன்றினால் அப்போது எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

ஹெல்மெட், பூட்டு, விளக்கு மூன்றையும் திட்டத்திலேயே சேர்க்கலாம். இதற்கு 200 பவுண்டு வைத்தால் மொத்தம் 1,200. 12 மாதத் தவணை, மாதம் 100. உங்கள் கைக்குக் குறைவது 72, வருடத்துக்கு 864. பஸ் செலவில் மழை நாளை விட்டுவிட்டுப் பாதி மிச்சம் என்று பார்த்தால் மாதம் 30 திரும்பி வருகிறது. அப்பத்தாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நகை மீண்ட பிறகு சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்.

பலர் ஏமாறும் இடம் 12-ஆவது மாதம். வாடகை முடிந்ததும் சைக்கிள் உங்களுடையது ஆகிவிடாது. பிரிட்டன் வரித்துறை ஒரு மதிப்பு அட்டவணை வைத்திருக்கிறது. 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிளுக்கு 1 வருடத்தில் 25 சதவீதம், 2 வருடத்தில் 17, 3 வருடத்தில் 12, 4 வருடத்தில் 7. அவசரப்பட்டு ஒரு வருடத்தில் எடுத்தால் 300 பவுண்டு கட்ட வேண்டும். 864-ஐயும் சேர்த்தால் 1,164, மிச்சம் வெறும் 36 பவுண்டு. வாடகை முடிந்ததும் பயன்பாட்டு ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுப்பார்கள். அதில் இருந்துகொண்டு 3-ஆம் வருடக் கடைசியில் எடுத்தால் 144 பவுண்டு, மொத்தம் 1,008. நீட்டிப்புக்கு என்ன கட்டணம், நீட்டிப்பு முடியும் முன்பே 3-ஆம் வருடக் கடைசியில் எடுத்துக்கொள்ள விடுவார்களா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். ஒப்பந்தம் ஓடும்வரை சைக்கிளை விற்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை.

வாடகை ஓடும் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் பாக்கி முழுவதையும் கடைசிச் சம்பளத்தில், வரி போன பிறகு உள்ள பணத்தில் பிடிப்பார்கள், சலுகை அங்கே நின்றுவிடும். வேறு மருத்துவமனைக்குப் போகும் யோசனை இருந்தால் அதை முடித்துவிட்டுச் சேருங்கள். இந்தப் பிடித்தம் உங்கள் விசாவுக்கான சம்பளக் கணக்கில் எப்படிப் பதிவாகும் என்று எச்.ஆரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். என்.எச்.எஸ் (பிரிட்டன் அரசு மருத்துவச் சேவை) பென்ஷனுக்குக் கணக்காகும் சம்பளமும் இதனால் சற்றுக் குறையும், சிறிய தொகைதான்.

பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். 'சோல்டு செக்யூர்' என்ற பூட்டுத் தரச்சான்றின் கோல்டு முத்திரை உள்ள டி-லாக், அதாவது டி வடிவ இரும்புப் பூட்டு வாங்குங்கள். ஃபிரேம் நம்பரைப் போட்டோ எடுத்து 'பைக்ரெஜிஸ்டர்' தளத்தில் பதிந்துவிடுங்கள். திருடு போனாலும் தவணை நிற்காது என்பதால் காப்பீடு கட்டாயம் பாருங்கள். வீட்டுச் சாமான் பாலிசி இருந்தால் சைக்கிளுக்கு எவ்வளவு வரை, வெளியே நிறுத்தும்போது செல்லுமா என்று படித்துப் பாருங்கள். மலைப்பாதையில் நடப்பவர் மேல் மோதிவிட்டால் வரும் செலவு இன்னும் பெரிது. 'சைக்கிளிங் யூகே' உறுப்பினர் ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு அதோடு வரும். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்ட உரிமை உண்டு, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். நடப்பவருக்கு மட்டும் என்று பலகை வைத்த பாதையில் இறங்காதீர்கள்.

ஊருக்குக் கொண்டு வருவதா? வேண்டாம் தம்பி. அட்டைப்பெட்டியில் கட்டினால் விமானத்தில் உங்களுக்குள்ள 23 கிலோவில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். பெட்டிகளின் மதிப்பு வரம்பைத் தாண்டினால் சுங்கவரி வேறு. தேவகோட்டையைச் சுற்றிக் கண்மாய்க்கரையும் செம்மண் தடமும்தான், நல்ல ஏற்றம் வேண்டுமென்றால் பிரான்மலை வரை போக வேண்டும். நம்மூரில் டயருக்கு எதிரி பாறை இல்லை, சீமைக்கருவேல முள். உதிரிபாகம் ஒன்று போனால் மதுரைக்கோ திருச்சிக்கோ அலைய வேண்டியிருக்கும். அங்கேயே விற்றுவிடுங்கள், குளிர் விட்டு வசந்தம் வரும்போது விற்றால் நல்ல விலை கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தியாவில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. இங்கே ஓட்ட ஏற்றதை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

2,000 பவுண்டை எந்தக் கணக்குக்கு அனுப்பப் போகிறீர்கள்? தேவகோட்டையில் உங்கள் பெயரில் உள்ள பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் அது விதிப்படி தவறு. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் அதை என்.ஆர்.ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தை வைத்துக்கொள்ளும் கணக்காக மாற்றியாக வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களோடு வங்கிக்கு எழுதுங்கள், கூடவே வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட ஒரு என்.ஆர்.இ கணக்கும் திறந்துவிடுங்கள். அதில் போடும் பணத்துக்கு வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் கணக்கு மாறும்வரை நகை காத்திருக்க வேண்டியதில்லை. கடன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மனைவி பெயரில் என்றால் பணத்தை நேராக அவருடைய கணக்குக்கே அனுப்பி, மறுநாள் காலையிலேயே அடகுச் சீட்டோடு வங்கிக்குப் போய்வரச் சொல்லுங்கள்.