கோலாலம்பூரில் இருந்துகொண்டே பனிமலைக்குத் தயாராக முடியுமா?

ஜனவரியில் கனடாவுக்குப் படிக்கப் போகிறீர்கள், அங்குள்ள பான்ஃப் மலைப்பகுதியில் மலையேற ஆசை, அதற்குள் இங்கே என்ன கற்கலாம் என்பது கேள்வி.

பாதியை இங்கேயே கற்றுவிடலாம். வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி பார்ப்பது, திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது, இதற்கெல்லாம் நம் ஊர் புக்கிட் கியாரா குன்றே போதும். நமக்கு இருட்ட ஏழரை ஆகும். அங்கே ஜனவரியில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். தலைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

நம் ஆட்கள் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையான வில்லன் ஈரம். சட்டை தொப்பலாக நனைந்தாலும் நாம் பாட்டுக்கு நடப்போம், அவ்வளவு பழக்கம்! அங்கே அது ஆளையே சாய்த்துவிடும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்து உடல் சூட்டை உறிஞ்சும். அதனால் உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர். வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், நின்றதும் உடனே போடுங்கள். சபாவின் கினபாலு மலை (4,095 மீட்டர்) ஏறினால் இதைப் பழகலாம். விடியற்காலையில் உச்சியில் கிட்டத்தட்ட உறைநிலைதான்.

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் வரும். சூடேறாமலே நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை முற்றிவிட்டது. காற்று படாத இடத்தில் உலர்ந்த உடை மாற்றிப் போர்த்தி, உதவிக்கு அழையுங்கள்.

பனிச்சரிவு மட்டும் இங்கே கற்க முடியாத பாடம். அங்கே போய் ஏஎஸ்டி 1 என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு அடிப்படை வகுப்பில் சேருங்கள். அதுவரை பனிச்சரிவு வரக்கூடிய சரிவுகள் பக்கம் போக வேண்டாம்.